ஒன்பது ஓட்டு

மேலகரத்தில் இசக்கிச்செல்வியின் வீட்டைத் தேடி வருகிறவர்கள் யாரும் அவள் பெயரைச் சொல்லி விசாரிப்பதில்லை. "பிளேன் ஓட்டுத புள்ள வீடு எது?" என்றுதான் கேட்பார்கள். அவளுடைய அப்பா சங்கரபாண்டிக்கு இதில் பெருமையும் உண்டு, கொஞ்சம் வருத்தமும் உண்டு. முப்பத்திரண்டு வருடம் போலீஸில் இருந்து சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர் அவர். அதுவரை அந்தத் தெருவில் அது எஸ்.ஐ. வீடாகத்தான் இருந்தது.

செல்வி பிளேன் ஓட்டியது உண்மைதான். ஆனால் கேப்டன் இல்லை. எழுபது பேர் உட்காரும் சின்ன விமானத்தில், வலது பக்கத்து இருக்கையில், துணை விமானியாக ஒன்பது வருடம் பறந்திருந்தாள். இந்த வேலையில் திறமை ஒரு பக்கம் என்றால் வரிசை இன்னொரு பக்கம். எந்தத் தேதியில் சேர்ந்தாயோ அந்தத் தேதிதான் உன் இடம். மேலே ஒருவர் ஓய்வு பெற்றாலோ வேறு கம்பெனிக்குப் போனாலோ வரிசை ஒரு படி நகரும். ஆட்குறைப்பு வந்தால் அதே வரிசையின் வாலிலிருந்து வெட்டுவார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கும் கேப்டன் பதவிக்கும் நடுவில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நாலைந்து மாதத்தில் வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

சென்னையில் அவள் வேலை பார்த்த அந்தக் கம்பெனியில் இருநூற்று நாற்பது விமானிகள். அதில் தென்காசிப் பக்கத்து ஆட்கள் இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொருவர் சுரண்டைக்காரர், கேப்டன் முத்துச்செல்வம். அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவர். முதல் தடவை சேர்ந்து பறந்த அன்றைக்கே அவள் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஏட்டி, நீ தென்காசிப் பக்கமா?" என்று கேட்டவர். அன்றிலிருந்து அவள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டாள். இருவருக்கும் ஒரே சமயத்தில் விடுமுறை அமைந்தால் தூத்துக்குடி விமானத்தில் வந்து இறங்கி அவருடைய காரில் ஊருக்கு வருவார்கள். வழியில் சுரண்டையில் அவர் வீட்டில் சாப்பாடு. அவருடைய அம்மா முத்துவடிவு இலையைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். "இம்புட்டுத் திங்கிறவ எப்படி பிளேனத் தூக்குவ?" என்று இன்னொரு கரண்டி சோற்றைப் போடுவாள்.

விமானிகள் சங்கத்தின் கமிட்டிக்குத் துணை விமானிகள் சார்பாக ஓர் ஆள் வேண்டும் என்றபோது செல்வியின் பெயரை முன்மொழிந்ததும் முத்துச்செல்வம்தான். பறக்கும் நேரத்துக்கு வரம்பு, இரவு வேலைக்கு அடுத்த நாள் ஓய்வு, குறைந்தபட்சச் சம்பளம் எல்லாவற்றையும் பத்து வருடம் முன்னால் கம்பெனியோடு மல்லுக்கட்டி வாங்கியவர்களில் அவர் ஒருவர்.

பிறகு கம்பெனிக்குக் கெட்ட காலம் வந்தது. இன்ஜின் கோளாறால் பாதி விமானங்கள் தரையில் நின்றன. ஒரு நாள் சங்கத்துக்குக் கடிதம் வந்தது. வரிசையின் வாலில் இருக்கும் நாற்பத்திரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறோம். அதைத் தவிர்க்க வேண்டுமானால் எல்லோரும் விட்டுக்கொடுங்கள்: சம்பளத்தில் கால் பங்கு குறைப்பு, மாதம் பத்து நாள் சம்பளமில்லா விடுப்பு, இரண்டு வருடத்துக்கு யாருக்கும் கேப்டன் பதவி இல்லை. இரண்டு வருடம் கழிந்ததும் பழைய சம்பளம் திரும்ப வரும்.

கமிட்டியில் ஐந்து பேர். மூன்று பேர் விட்டுக்கொடுக்கலாம் என்றார்கள். அதில் செல்வி ஒருத்தி. முடிவை ஓட்டெடுப்புக்கு விட்டார்கள்.

அந்த வாரம் அவளும் முத்துச்செல்வமும் தூத்துக்குடியிலிருந்து காரில் வந்தார்கள். ஆலங்குளம் தாண்டியதும் அவர் ஆரம்பித்தார்.

"விட்டுக்கொடுக்க ஓட்டுப் போடச் சொல்லி எல்லாருக்கும் போன் போடுதியாம்?"

"ஆமா அண்ணாச்சி. நாப்பத்திரெண்டு பேரு. பாதிப்பேரு கடன வாங்கிப் படிச்சிட்டு வந்த பிள்ளைய. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருசம் ஆகல."

"நீ கேப்டன் ஆவுறது நின்னு போகும்."

"தெரியும்."

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒருதரம் விட்டுக்கொடுத்தா அவன் திருப்பித் தருவானா? வீட்டுக்குப் போறவன் திரும்பி வருவான். போன சம்பளம் திரும்பி வராது. இத வாங்கறதுக்கு நாங்க என்ன பாடுபட்டோம்னு உனக்குத் தெரியாது."

"வீட்டுக்குப் போறவன் என்னத்தத் தின்பான் அண்ணாச்சி? ஒங்களுக்கு வரிசையில மூப்பு இருக்கு, பேசுதிய."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்குத் தெரிந்தது. வழக்கமாகச் சுரண்டைக்கு அவளையும் கூட்டிப்போய், சாப்பிட்ட பிறகு மேலகரம் வரை கொண்டுவந்து விடுகிறவர், அன்றைக்குப் பாவூர்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் காரை ஓரங்கட்டினார். அவள் பெட்டியை இறக்கிக்கொண்டாள். "வாரேன் அண்ணாச்சி" என்றாள். கார் கிளம்பிவிட்டது.

ஓட்டெடுப்பில் விட்டுக்கொடுக்கும் தரப்பு ஜெயித்தது. ஒன்பது ஓட்டு வித்தியாசம். நாற்பத்திரண்டு பேருடைய வேலையும் தப்பியது.

தப்பிய அன்றிலிருந்து செல்வியோடு பேசுகிறவர்கள் குறைந்தார்கள். மூத்தவர்கள் தங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். விமான நிலையத்தில் விமானிகள் உட்காரும் அறைக்குள் அவள் நுழைந்தால் யாருக்காவது போன் வந்துவிடும், யாருக்காவது டீ குடிக்கத் தோன்றிவிடும். வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று ஒவ்வொருவருக்கும் கால் சம்பளத்தில் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் எல்லாம் அவள் பெயர் எழுதியிருந்தது. அது நியாயம்தான் என்று அவளே நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லாதது அவளுக்கு விளங்கவில்லை. சின்னப் பிள்ளைகள், பெரியவர்களுக்குப் பயந்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் முத்துச்செல்வத்தோடு டூட்டி விழுந்தது. சென்னையிலிருந்து திருவனந்தபுரம். விமானிகளுக்கு ஒரு விதி உண்டு: பத்தாயிரம் அடிக்குக் கீழே வேலையைத் தவிர வேறு பேச்சு கூடாது. மேலே போனபிறகு சொந்தக் கதை பேசலாம். அன்றைக்கு அவர் மேலே போன பிறகும் பேசவில்லை. செக்லிஸ்ட்டில் என்ன உண்டோ அதை ஆங்கிலத்தில் கேட்டார், அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டும் இடத்தில், "ஏட்டி, எட்டிப் பாரு, ஐந்தருவில தண்ணி விழுதா?" என்று எப்போதும் கேட்பார். அந்த உயரத்திலிருந்து அருவியெல்லாம் தெரியாது. மேகம்தான் தெரியும். அன்றைக்கும் மேகம் தெரிந்தது. இறங்கியபோது அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, "தேங்க் யூ" என்றார். பயணிகளிடம் சொல்வதைப்போலவே இருந்தது.

ஜூனில் அவளுடைய சம்பளமில்லா விடுப்பு முறை வந்தது. பத்து நாள் மேலகரத்தில் இருந்தாள். நல்ல சாரல். பட்டப்பகலில் வீட்டு வாசலில் அவளைப் பார்த்த பக்கத்து வீட்டு ஆட்கள், "வேலையை விட்டுட்டியா?" என்று கேட்டார்கள். அப்பா அவளை நேராகவே கேட்டார்.

"யாரைக் கேட்டுட்டு உன் சம்பளத்த நீயே கொறைச்சுக்கிட்ட?"

"எல்லாருக்கும்தாம்ப்பா கொறைஞ்சிருக்கு."

"அதான் கேக்கேன். ஊரான் பிள்ளைக்காக ஒனக்கு வர்ற கேப்டன் வேலைய நிப்பாட்டுவியா? எங்க டிபார்ட்மெண்ட்ல சங்கமே கிடையாது. அதனால சண்டையும் கிடையாது."

அம்மா முருகம்மாள் அடுக்களையிலிருந்து, "அவள விடுங்க, பிள்ள வந்ததே பத்து நாளு" என்றாள். அவளுக்கு இதில் எதுவும் பிடிபடவில்லை. மகள் வீட்டில் இருக்கிறாள், அது போதும்.

இரண்டாம் நாள் செல்வி ஐந்தருவிக்குப் போனாள். சீசன் கூட்டம். குடும்பம் குடும்பமாக, வேன் வேனாக வந்து இறங்கினார்கள். பெண்கள் பக்கம் போய் நின்ற பிறகுதான் ஒன்று உறைத்தது. கையில் பையும் போனும் மாற்றுத்துணியும் இருந்தன. குளிக்கப் போனால் அதை யாரிடம் கொடுப்பது? சின்ன வயதில் அம்மா வைத்திருப்பாள், தம்பி மணிகண்டபிரபு வைத்திருப்பான். தம்பி இப்போது பட்டாளத்தில் எங்கோ வடக்கே. குற்றாலத்துக்குத் தனியாக யாரும் வருவதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் சாரலில் நின்றுவிட்டுத் திரும்பி நடந்தாள். மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் கூப்பிட்டாள்.

"ஏ புள்ள, குளிக்காமலா போற? கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் இல்லக்கா."

"குத்தாலத்துக்கு ஒத்தையிலயா வந்த?" அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கொண்டா பைய. இங்கன வச்சிட்டுப் போ. எம்பேரு மாடத்தி. யார்ட்ட வேணாலும் கேட்டுக்க."

செல்வி பையைக் கொடுத்துவிட்டுப் போய்க் குளித்தாள். தண்ணீர் தோளில் அடி அடியென்று அடித்தது. அதன் சத்தத்தில் அழுதாலும் யாருக்கும் கேட்காது. ஆனால் அழுகை வரவில்லை. திரும்பி வந்து பையை வாங்கிக்கொண்டு, ஒரு கிலோ மங்குஸ்தான் வாங்கினாள். அந்தப் பத்து நாளில் வீட்டு ஆட்களைத் தவிர அவளோடு அதிகம் பேசியது மாடத்திதான்.

ஆகஸ்ட் மாத விடுப்பில் தென்காசி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைப் பார்த்தாள். முத்துவடிவு அம்மாளின் படம். கீழே மகன் பெயர் கேப்டன் பட்டத்தோடு. இறந்தது முந்தின நாள் இரவு. எடுப்பது அன்றைக்கு மாலை நாலு மணி. நாலு எழுத்தில் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பக்கூட ஆள் இல்லை. சுவர்தான் சொன்னது.

போவதா வேண்டாமா என்று அவள் யோசித்தது அங்கே நின்ற ஐந்து நிமிடம்தான். கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் போகக்கூடாது. துஷ்டிக்குக் கூப்பிட வேண்டியதில்லை. ஒரு மாலை வாங்கிக்கொண்டு சுரண்டை பஸ்ஸில் ஏறினாள்.

தெருவை அடைத்துப் பந்தல். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள். சென்னையிலிருந்து கேப்டன்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். எல்லோரையும் அவளுக்குத் தெரியும். அவளைப் பார்த்ததும் நாலு பேரும் செல்போனைப் பார்த்தார்கள். பந்தல் முனையில் முத்துச்செல்வம் வேட்டியும் துண்டுமாக நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கும் கும்பிட்டார். அந்தக் கும்பிட்டில் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை.

உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். முத்துச்செல்வத்தின் மனைவி ஜெயசித்ரா அவளைக் கண்டதும் கையை நீட்டி இழுத்து வட்டத்துக்குள் உட்கார வைத்தாள். அவள் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டே காதில் சொன்னாள்.

"அத்தை ஒன்னையக் கேட்டுட்டே இருந்தாட்டி. அந்தத் தென்காசிப் புள்ள ஏன் வரமாட்டேங்கா, கல்யாணம் ஆகிப் போயிட்டாளான்னு. இவுக வாயத் திறக்கல. நான் என்னன்னு சொல்ல?"

அப்போதுதான் செல்விக்கு அழுகை வந்தது. மூன்று மாதத்து அழுகையும் சேர்ந்து வந்தது. பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி, நெருங்கின சொந்தம் போலிருக்கிறது என்று நினைத்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

துஷ்டி வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது. எழுந்து போய்விட வேண்டும். அவளும் அப்படியே எழுந்து வெளியே வந்தாள். முத்துச்செல்வம் இரண்டு அடி தூரத்தில் நின்றார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். இரண்டு பேரும் பேசவில்லை. பார்க்கிறவர்களுக்கு அது முறையாகத்தான் தெரிந்திருக்கும்.

அடுத்த மார்ச்சில் முத்துச்செல்வம் வேலையை விட்டுவிட்டு மஸ்கட்டில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டாள்.

இரண்டு வருடம் முடிந்தது. குறைத்த கால் பங்கில் பாதியைத்தான் கம்பெனி சம்பளத்தில் மீண்டும் சேர்த்தது. மீதிக்கு நிலைமை சரியில்லை என்று ஒரு கடிதம் வந்தது. அண்ணாச்சி சொன்னது நடந்துவிட்டது. நாற்பத்திரண்டு பேரில் பதினேழு பேர் அதற்குள் தாங்களாகவே வேறு கம்பெனிகளுக்குப் போயிருந்தார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். கேப்டன் பதவி மறுபடி திறந்தபோது செல்விக்கும் வந்தது. முதல் தடவை இடது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த அன்று, இறங்கிய பிறகு யாருக்குச் சொல்லலாம் என்று போனைத் துழாவினாள். அப்பாவுக்குச் சொன்னாள். அப்பா மேலகரம் முழுக்க அல்வா வாங்கிக் கொடுத்தார்.

இந்த வருடம் ஜூலையில், அவள் விடுமுறையில் இருந்தபோது, ஜெனோ போன் செய்தான். தூத்துக்குடிப் பையன், அந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருவன். இப்போது அவளோடு நாலைந்து தடவை பறந்திருக்கிறான். மனைவியோடு குற்றாலத்துக்கு வந்திருப்பதாகச் சொன்னான். "மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்றாள். வேலையிடத்து ஆட்கள் அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகியிருந்தது. அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

ஈரத் தலையோடு இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். சங்கரபாண்டிக்கு ஆள் கிடைத்த சந்தோஷம். பாதிச் சாப்பாட்டில் ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, ஒங்க வேலையெல்லாம் இன்னைக்கு இருக்குன்னா யாரால? எம் மவளால. அவ மட்டும் அன்னைக்கு நிக்கலைன்னா நாப்பத்திரெண்டு பேரும் வீட்டுல இருந்திருப்பிய."

"அப்பா, சும்மா இருங்க" என்றாள் செல்வி.

ஜெனோ சோற்றில் கையை வைத்தபடி இருந்தான். முகம் சிவந்துவிட்டது. "மேடம், ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா நினைச்சிட்டு இருக்கேன். நான் அன்னைக்கு எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டேன்."

"எதை எதிர்த்து?"

"சம்பளக் குறைப்பை. நான் மட்டும் இல்ல, எங்கள்ல பத்துப் பன்னிரண்டு பேரு."

அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றாள். அப்பா, "ஏன்டே?" என்றார்.

"முத்துச்செல்வம் சார் எங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் வந்தாங்க. எங்க வீட்டுக்குத் தூத்துக்குடிக்கே வந்தாங்க. எங்கப்பாகிட்ட உட்கார்ந்து பேசினாங்க. நாங்க வேலையில்லாம இருக்கிற வரைக்கும் மாசாமாசம் எங்க வீட்டுச் செலவுக்குப் பணம் தர்றதா மூத்த பைலட்டுங்க அறுபத்து மூணு பேரு கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினாங்க. கம்பெனி உங்களைத் திரும்ப எடுக்கிற வரைக்கும் ஓய மாட்டோம், ஆனா வாங்கினதை விட்டுட்டா உங்களுக்குப் பின்னால வர்றவனுக்கும் கிடைக்காதுன்னாங்க. நம்பினேன் மேடம். இன்னைக்கும் அவங்க சொன்னதைச் செஞ்சிருப்பாங்கன்னுதான் தோணுது. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். அதான் உங்ககிட்ட வந்து பேச மூஞ்சி இல்லாம இருந்தது" என்றான்.

"தெரியாது" என்றாள் செல்வி. "சாப்பிடு. ஆறுது."

அவர்கள் போன பிறகு வெகுநேரம் கொல்லைப்புறத்தில் நின்றாள். தனக்கு மட்டும்தான் அந்தப் பிள்ளைகள் மேல் இரக்கம் இருந்தது என்று மூன்று வருடம் நினைத்திருக்கிறாள். ஒதுக்கப்பட்டதை எல்லாம் அந்த நினைப்பு ஒன்றை வைத்துத்தான் தாங்கியிருக்கிறாள். மழை பிசுபிசுத்தது. ஜெயசித்ராவுக்குப் போன் போட்டு மஸ்கட் நம்பரை வாங்கினாள். மணி ஐந்தாகியிருந்தது.

மூன்றாவது மணியில் எடுத்தார்.

"அண்ணாச்சி, செல்வி பேசுதேன்."

"சொல்லுங்க" என்றார்.

அந்தச் சொல்லுங்க அவளைச் சுட்டது. ஏட்டி என்று கூப்பிட்ட வாய்.

"ஜெனோ வந்திருந்தான். அறுபத்து மூணு பேரு கையெழுத்தப் பத்திச் சொன்னான். எங்கிட்ட ஏன் சொல்லல அண்ணாச்சி?"

"கமிட்டிக்குத் தெரிஞ்சா கம்பெனி காதுக்குப் போயிரும்னு நினைச்சோம். பேச்சுவார்த்தைல இருந்தவங்க நீங்க."

"என்னையுமா அப்படி நினைச்சிய?"

"உங்களையும்தான்" என்றார். "தப்பா நினைச்சிட்டோம்னு அப்புறம் தெரிஞ்சது. அதுக்குள்ள ஓட்டு முடிஞ்சிருந்தது."

"பாதிதான் திருப்பிக் கொடுத்தான். நீங்க சொன்னபடிதான் ஆச்சு."

"நாப்பத்திரண்டு பேரும் ஒருநாள்கூட வேலையில்லாம வீட்டுல இருக்கல இல்ல?"

"இல்ல."

"நாங்க சொன்ன வழியில போயிருந்தா அது நடந்திருக்குமான்னு எனக்குத் தெரியாது. அறுபத்து மூணு பேர்ல எத்தனை பேரு ரெண்டாவது மாசமும் கொடுத்திருப்பான்னும் தெரியாது. அம்மா சாவுக்கு வந்தீங்க. அன்னைக்கு உங்க முகத்தப் பாத்திருக்கணும். பார்க்கல. அது எனக்கு மனசுல கிடக்கு."

"பரவால்ல அண்ணாச்சி."

"கேப்டன் ஆயிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம். டூட்டிக்குக் கிளம்பணும், வச்சிரட்டுமா?"

"சரி அண்ணாச்சி."

போனை வைத்த பிறகும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்.

"யாருட்டி போன்ல?"

"சுரண்டைக்காரரு."

"அவுகளா! எத்தன வருசமாச்சு. ஊருக்கு வந்தா வீட்டுக்கு வரச் சொன்னியா?"

செல்வி யோசித்தாள். "சொல்லலம்மா. தோணவே இல்ல."

"அடுத்த தடவ சொல்லு" என்றாள் அம்மா.

அடுத்த தடவை என்று ஒன்று இருக்குமா என்று செல்விக்குத் தெரியவில்லை. விடுமுறை முடிந்து மறுநாள் காலையில் திருவனந்தபுரத்திலிருந்து டூட்டி. கேரளாவுக்குப் போகிற மலைப்பாதையில் மழை என்றால் ரோடு எப்படி இருக்குமோ, சீக்கிரமே கிளம்ப வேண்டும். உள்ளே போய்ச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு, தோளில் கேப்டனுக்குரிய நாலு பட்டைகளையும் மாட்டினாள்.